பனிமலைக்குப் போகும் மகனுக்குக் கரிநாக்குக்காரி எழுதுவது

மகன், நான் சலாம் சொன்னதாகவும் நீ பதில் சொன்னதாகவும் வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இது சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை. எனக்கு உன்மேல் கோபம். குரல் பதிவு அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு, "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று பதில் போடுகிறவன் நீ. அதனால்தான் குந்தியிருந்து எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் இதையும் மூடிவைத்துவிடுவாய். ஆகவே ஊர்ப் பொடியன்மார் நடத்துகிற பேஸ்புக் பக்கத்திலும் போடச் சொல்லியிருக்கிறேன். கல்முனையில் இருந்து கத்தார் வரைக்கும் எல்லாரும் படிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். வெட்கப்பட்டு ஒருவரும் மவுத்தானதில்லை.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் மகன் சுவிஸ் நாட்டில் ஒரு மலையூர் ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறான். கத்தாரில் வெயிலில் வெந்துகொண்டிருந்தவனுக்கு அங்கே வேலை கிடைத்தபோது நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அங்கே போய்க் காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கப் பழகினான். அதற்கும் சந்தோஷப்பட்டேன். கயிறு கட்டி, கொடி நட்டு, காவலுக்கு ஆள் போட்ட இடத்தில் சறுக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது கயிற்றுக்கு அப்பால் போகிறான். காவல் இல்லாத மலையில், தானே நடந்து ஏறி, ஒருவரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்குவதுதான் சுகமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் போகிறான். கூடவே தன் மனைவியின் தம்பி றிஸ்வியையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். அவன் அந்த நாட்டுக்குப் போய் இது முதல் பனிக்காலம்.

நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "உம்மா, ஞாயிறு மேல போறம். துஆ செய்ங்க. வேற ஒண்டும் சொல்லிராதீங்க!" அதற்குக் கீழே சிரிக்கிற முகம். அந்தச் சிரிப்பு என்னத்துக்கு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம் குடும்பத்துக்கும் தெரியும். எனக்குக் கரிநாக்கு. நான் வாயால் சொன்னால் நடந்துவிடும். பயணம் போகிறவனுக்கு முன்னால் நான் வாய் திறக்கக் கூடாது. சகுனம் பார்ப்பது ஹராம் என்று ஜும்ஆவில் பயான் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் வீட்டு வாசலில் வைத்து, "ராத்தா, நீங்க உள்ளுக்க போங்களேன்" என்பார்கள். இத்தனை காலமும் நானும் போனேன். இன்றைக்குப் போகமாட்டேன்.

பனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். நான் தொட்ட பனி ஐஸ் பெட்டிக்குள் இருப்பதுதான். மற்றதெல்லாம் நீ சொல்லித் தந்தது, மறந்துபோனாயா? போன வருஷம் வீடியோவில் பனியைக் குழிபோல வெட்டிக் காட்டி, "இஞ்ச பாருங்க உம்மா" என்று வகுப்பு எடுத்தவன் நீதானே? பனி ஒரே கட்டி இல்லை, பாய் அடுக்கினதுபோல் அடுக்கடுக்காக இருக்கும் என்றாய். காலத்தின் தொடக்கத்தில் விழுகிற பனி மெல்லிசாகக் கிடந்து, குளிரில் காய்ந்து, சீனிபோல மணிமணியாக உதிரும், ஒன்றோடொன்று ஒட்டாது என்றாய். அதற்கு மேல் புதுப் பனி கொட்டிக் காற்று அடித்து இறுக்கினால் மேலே ஒரு பலகை உண்டாகும். சீனிக்கு மேல் வைத்த பலகை. சாய்வான இடத்தில் ஒரு மனுஷனின் பாரம் போதும், பலகை முழுவதும் உடைந்து ஆளையும் கொண்டு கீழே போகும். நின்றபிறகு அந்தப் பனி சீமெந்துபோல் இறுகிவிடும், உள்ளே இருக்கிறவன் விரலைக்கூட அசைக்க முடியாது. இதைச் சொல்லும்போது நீ எவ்வளவு கவனமாக இருந்தாய்! என் மகன் கெட்டிக்காரன் என்று மருமகளிடம் பெருமை பேசினேன்.

அந்த நாட்டில் பனிச்சரிவு அறிக்கை ஒன்று ஒவ்வொரு நாளும் போனில் வருகிறது என்றும் நீதான் காட்டினாய். அன்றிலிருந்து அதைப் பார்க்காமல் எனக்கு இரவுச் சோறு இறங்குவதில்லை. போன் செய்கிற மொழிபெயர்ப்பு சிரிப்பாகத்தான் இருக்கும். "பழைய பனி அதிருப்தியாக உள்ளது" என்று ஒரு நாள் வந்தது. ஆனால் எண்ணும் நிறமும் விளங்குகிறதே. ஒன்று என்றால் பச்சை, இரண்டு மஞ்சள், மூன்று செம்மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு. சிவப்பு நாளில் எல்லாருக்கும் பயம், வெளியே போகமாட்டார்கள். மூன்றில்தான் ஆட்கள் ஏமாறுவது என்று நீ சொன்னாய். வானம் தெளிந்திருக்கும், வெயில் அடிக்கும், புதுப் பனி மினுங்கும், உள்ளே சீனி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கிழமை முழுக்க உன் மலை செம்மஞ்சள். வடக்குப் பார்த்த நிழல் சாய்வுகளில் பழைய அடுக்கு பலவீனம், தூரத்தில் இருந்து மிதித்தாலும் உடையலாம் என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் போகிற சாய்வு எந்தத் திசையைப் பார்த்தது என்று றிஸ்வியிடம் கேட்டேன். வடக்கு.

ஓம், றிஸ்வி என்னோடு கதைத்தான். "நான் சொன்னண்டு சொல்லிராதீங்க மாமி" என்று கெஞ்சினான். நான் ஊருக்கே சொல்கிறேன். அவன் என்னை ஏசட்டும், உயிரோடு இருந்து ஏசட்டும்.

சுகம் விசாரிக்க எடுத்ததுபோல்தான் எடுத்தான். குரல் நன்றாக இல்லை.

"என்ன மகன், ஒன்ட கொரல் ஏன் இப்பிடி இரிக்கி?"

"ஒண்டுமில்ல மாமி. போன கெழமையும் மச்சானோட மேல போனம். அங்க நான் கால வெச்ச ஒடன நெலம் ஊம்ம் எண்டு மூச்சு விட்ட மாதிரி கீழ எறங்கிச்சி. எனக்கும் மச்சானுக்கும் எடையில ஒரு வெடிப்பு நேரா ஓடிப் போச்சி."

"மறுகா?"

"மச்சான் சிரிச்சாரு. கூட வந்தவன் கை தட்டினான். சறுக்கி எறங்கி வந்துட்டம். ஒண்டும் ஆகல்ல."

"நீ என்ன சொன்னாய்?"

"என்னத்தச் சொல்ற மாமி? நானும் சிரிச்சன்."

இந்த ஞாயிறு அதைவிட மேலே, அதைவிடச் சாய்வான இடத்துக்குப் போகிறீர்களாம். வரவில்லை என்று சொல்லேன் என்றேன். "எப்பிடிச் சொல்ற? என்னக் கூப்பிட்டு எடுத்து, வேல வாங்கித் தந்து, படுக்க எடமும் தந்தவரு. பயமா மச்சான், பயமா மச்சான் எண்டு ஹோட்டல் முழுக்கக் கேட்டுச் சிரிப்பாரே" என்றான்.

நம் ஊரில் மச்சான்மார் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் விட்டால்தான் அதிசயம். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளிக்கிறதும், உறைப்பு மிளகாயைத் தின்னச் சொல்கிறதும், கிணற்றுக்குள் குதிப்பாயா என்று கேட்கிறதும் உரிமை. கேட்டவனுக்குப் பதில் குதிப்பதுதான், "இல்லை மச்சான், பயமாக இருக்கிறது" என்று சொன்ன ஓர் ஆணை நான் இந்த வயது வரைக்கும் பார்க்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டு மாப்பிள்ளைக்கு முன்னால் தம்பிக்காரன் அப்படிச் சொல்லவே மாட்டான். அந்தப் பழக்கத்தைப் பெட்டிக்குள் வைத்து நீங்கள் இரண்டு பேரும் சுவிஸுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். கிணற்றடியில் அது பகிடி. அந்த மலையில் அது ஒருவனின் கபுறுக்குழி. வெட்கப்பட்டு ஒருவரும் மவுத்தானதில்லை என்று மேலே எழுதினேனே, அது பிழை. அழிக்கவில்லை, கிடக்கட்டும். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு மவுத்தானவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவன் என் கூடப்பிறந்தவன்.

உன் சின்ன மாமா எப்படி மவுத்தானார் என்று உனக்கு ஒரு கதை தெரியும். "உம்மா சொன்னாங்க, விழுந்திச்சி." அவ்வளவுதான் இந்த வீட்டில் சொல்லப்பட்டது. முழுவதையும் இன்றைக்குக் கேள்.

வரிப்பத்தான்சேனைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அவனுக்கு வேலை. ஆலைக்குப் பின்னால் உமி மேடு கூரையைவிட உயரமாக நின்றது. வேளாண்மை வெட்டுக் காலம், நெல் குற்றக் குற்றக் குழாய் வழியாக உமி வந்து அதன்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த முறை இடையில் மழை பெய்தது. நனைந்த உமி மேலே பொருக்குப் பிடித்துவிட்டது. மழை விட்டபிறகு அந்தப் பொருக்கின்மேல் காய்ந்த உமி மறுபடியும் ஏறியது. செங்கல் சூளைக்காரர்கள் உழவு மெஷினில் பெட்டி பூட்டிக்கொண்டு வந்து மேட்டின் அடியில் இருந்தே வெட்டி அள்ளினார்கள். மேலே ஏறி அள்ளுவதென்றால் நேரம் போகுமாம். அடி குடைந்து குடைந்து, மேடு சுவர்போல் செங்குத்தாக நின்றது.

தம்பிக்கு நான் பகல் சோறு கொண்டுபோனேன். அவனும் இன்னும் சில பேரும் அந்தச் சுவருக்கு அடியில் நின்று கூடைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்தில் இருந்து மேட்டின் உச்சி தெரிந்தது. அதில் ஒரு வெடிப்பு, ஒரு கரையில் இருந்து மறுகரை வரைக்கும், கத்தியால் கீறினதுபோல் ஓடியிருந்தது. சோற்றுப் பாத்திரத்தோடு நின்று கத்தினேன்.

"தம்பி! இது விழப்போகுது. ஒன்ன மூடிப் போடும். வா இஞ்சால!"

எல்லாரும் திரும்பினார்கள். உச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "வாயக் கழுவுங்க ராத்தா! வேல செய்யக்குள்ள இப்பிடியா கதைக்கிற?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். தம்பிக்கு என்னால் அவமானமாகிவிட்டது. "ராத்தாட வாய் எப்பவும் அப்பிடித்தான், பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு, முன்னைவிட உள்ளே போய் நின்றான். வேண்டுமென்றேதான் போனான். எனக்குக் காட்டுவதற்காக இல்லை, அவர்களுக்குக் காட்டுவதற்காக.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கூடையில் இருந்து உமி கொட்டுகிற சத்தம்தான், கொஞ்சம் நீளமாக. பொருக்கின்மேல் இருந்த உமி எல்லாம் ஒன்றாக வழுக்கி வந்தது, தூசி எழும்பியது, தூசி அடங்கியபோது தம்பி நின்ற இடத்தில் மேடு இருந்தது. மற்றவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான், மகன், எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒருவர் முதலாளியைத் தேடி ஓடினார். ஒருவர் மண் அள்ளுகிற மெஷின் பிடிக்க றோட்டுக்கு ஓடினார். இருவர் தலையில் கைவைத்துக் கலிமா சொல்லிக்கொண்டு நின்றார்கள். தோண்டக் கை இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தோண்ட வேறு யாராவது வருவார்கள் என்று பார்த்தார்கள். நான் சோற்றுப் பாத்திர மூடியால் அள்ளினேன். அள்ள அள்ள மேலே இருந்து நிரம்பியது. மெஷின் வந்து அவனை எடுத்தபோது அவன் மூக்கிலும் வாயிலும் உமி. கையை நெஞ்சோடு வைத்துக் குந்தினபடி இருந்தான்.

ஜனாஸா அடக்கிவிட்டு வந்த வீட்டில் ஒருவரும் மழையைப் பற்றிக் கதைக்கவில்லை. அடியில் குடைந்து அள்ளியதைப் பற்றிக் கதைக்கவில்லை. "அவ சொன்ன வாய்" என்றுதான் கதைத்தார்கள். உன் வாப்பா, அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும், நல்ல மனுஷன், என்மேல் இரக்கத்தில்தான் சொன்னார்: "இனி ஆராவது பயணம் போகக்குள்ள நீ குசினிக்குள்ள இரி புள்ள. நமக்கு என்னத்துக்கு வீண் பேச்சு." நீ கத்தாருக்குப் போன அன்றைக்கு நான் வாசலுக்கு வராமல் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேனே, அழுகிறேன் என்றுதானே நினைத்தாய்? என் வாயில் இருந்து ஒரு சொல் தவறி வந்து உன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று நின்றேன். பெற்ற மகனை வழியனுப்பாமல் நின்றேன். சீ, என்ன பிழைப்பு அது!

என் நாக்கா உமியை வெட்டியது? என் நாக்கா மழை பெய்வித்தது? வெடிப்பு இருந்தது, நான் பார்த்தேன், சொன்னேன். அவ்வளவுதான். சொன்னவளைப் பழித்துவிட்டால் சரிவை மறந்துவிடலாம், அதுதான் ஊருக்குச் சுகம். நீயும் அந்த ஊர்க்காரன்தானே. காலடியில் மலையே உன்னிடம் ஊம் என்று சொல்லியிருக்கிறது, வெடித்துக் காட்டியிருக்கிறது, நீ சிரித்திருக்கிறாய்.

மவுத்து எழுதப்பட்டிருந்தால் எங்கே இருந்தாலும் வரும் என்று சொல்லுவாய். ஈமான் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லை ஆலையில் நின்றவர்களும் சொன்னார்கள், தோண்டாமல் நின்றுகொண்டு சொன்னார்கள். உம்மா கடலைக் கண்டு பயந்தவள், அதனால் மலைக்கும் பயப்படுகிறாள் என்றும் சொல்லுவாய். சுனாமியில் கடல் வந்த அன்றைக்கு நம் கரையில் ஒருவருக்கும் ஒரு சொல் முன்னே சொல்லப்படவில்லை. உனக்கோ ஒவ்வொரு நாளும் நிறம் போட்டு, எண் போட்டு, திசையும் போட்டுச் சொல்கிறார்கள். கடல் சொல்லாமல் எடுத்துக்கொண்டவர்களின் கபுறுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்துவிட்டு, சொன்னதைக் கேட்காமல் போகிறாயே, உனக்கு என்ன திமிர்!

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். பாலமுனைக்குப் போய் உன் மாமியார் வீட்டு வாசலில் இறங்கினேன். அவர் என்னைக் கண்டு சிரித்த முகத்தோடு தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"ராத்தா, ஒங்கட மகன் றிஸ்வி ஞாயித்துக்கெழம என்ட மகனோட மேல போனா, ரெண்டு பேரும் பனிக்குள்ள மூடுப்பட்டுப் போவாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அல்லாஹ்வே! என்ன வாய் ராத்தா ஒங்களுக்கு! ஒங்கட வாயால ஏன் இதச் சொன்னீங்க?"

"என்ட வாயாலதான் சொல்லணும். வேற ஆர்ட வாயால சொன்னாலும் நீங்க பயப்புடமாட்டீங்க" என்றேன்.

அன்றைக்கே அவர் றிஸ்வியிடம் சத்தியம் வாங்கிவிட்டார். றிஸ்வி வரமாட்டான். அவன் உன்னிடம் சொன்ன காரணம் வயிற்றுக்குத்து என்று கேள்விப்பட்டேன். வயிற்றுக்குத்து ஒன்றும் இல்லை. உம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறான், அதோடு அவனுக்குப் பயம். பயம் வருகிற இடத்தில் பயப்படுகிறவன் ஆம்பிளைதான். அவனைக் கிண்டல் பண்ணினாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த கடிதம் இதைவிட மோசமாக இருக்கும்.

றிஸ்வி இல்லையென்றால் நீயும் நிற்பாய் என்று நினைத்து இந்தக் கடிதத்தை இங்கே முடிக்கத்தான் இருந்தேன். இப்போது உன்னிடம் இருந்து செய்தி வந்திருக்கிறது. "என்ன உம்மா இது, மாமி வீட்டுல போய் என்ன வேல செஞ்சிருக்கீங்க? மச்சான் வராட்டிப் பரவால்ல. மத்த ரெண்டு பேரும் இரிக்காங்க. ஒருத்தன் இந்த ஊர்லயே பொறந்தவன், அவனுக்கு மலையத் தெரியும். போன கெழமயும் ஒண்டும் ஆகல்லதானே. நீங்க சும்மா மனசப் போட்டுக் கொழப்பாதீங்க." சிரிக்கிற முகம் இந்த முறை இல்லை.

அந்த ஆலையில் நின்றவர்களும் உமிக்குள் பிறந்தவர்கள்தான், மகன். அதற்கு முந்தின நாளும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான்.

இனி எழுதப்போவதை எழுத என் கை கூசுகிறது. பெற்ற உம்மா எழுதுகிற எழுத்து இல்லை இது. சின்ன மாமாவுக்குச் சொன்னபோது வாயில் வந்ததைச் சொன்னேன், யோசித்துச் சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்து, வுழூச் செய்து முகம் கைகால் கழுவிக்கொண்டு, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஊரே படிக்க எழுதுகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை அந்த வடக்குச் சாய்வுக்குப் போனால் அது உடையும். நீ அதற்குள் போவாய். இறுகிய பனிக்குள் கையை அசைக்க முடியாமல் கிடப்பாய். மேலே நிற்கிறவர்களுக்கு நீ எங்கே என்று தெரிவதற்குள் உன் மூச்சு முடியும். நான் சொல்லிவிட்டேன். எழுதியும் விட்டேன். இனி இதை ஒருவராலும் கழுவ முடியாது.

இதைப் பொய்யாக்குவது உன் கையில் இருக்கிறது. போய்விட்டு வந்து, "பாத்தீங்களா உம்மா, ஒண்டும் ஆகல்ல" என்று வீடியோ அனுப்பி அல்ல. அப்படி வந்தாயானால் மலை இந்த முறை உன்னை விட்டுவிட்டது என்றுதான் அர்த்தம், அடுத்த முறை இன்னும் மேலே போவாய். போகாமல் இருந்து பொய்யாக்கு. ஞாயிறு காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படு. திங்கட்கிழமை சந்தையில் ஒருத்தி என்னை மறித்து, எல்லாருக்கும் கேட்க, "ஒங்கட மகன் நல்லாத்தானே இரிக்கான், என்னத்துக்கு ராத்தா அந்தப் பொய்யெல்லாம் சொன்னீங்க?" என்று கேட்கட்டும். "ஓம் தங்கச்சி, நான் பொய்க்காரிதான்" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.